முப்பதாம் தேதி இல்லாத நிரல்

போரிருவா,
ஜூன் 8

அன்புள்ள தம்பி ஃபலானிகோவுக்கு,

நம் ஊர் முறையில் மாலோ நி, வணக்கம். அக்கா மாகெலிட்டா எழுதுகிறேன். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் ரயிலுக்கு நடக்கும்போது என் மூக்கு வேறு யாருடையதோ போல இருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். போனில் அம்மா "சாப்டியா, சாப்டியா" என்று கேட்டே நேரத்தைத் தீர்த்துவிடுகிறாள். நீயோ "ம்" என்பதற்கு மேல் பேச மாட்டாய். காகிதத்தில்தான் வாய் திறக்கிறாய். அதனால் நம் தீவுக்கு வரும் கப்பலே கதி.

என் பாடு உனக்குத் தெரிந்ததுதான். பகலெல்லாம் அலுவலகத்தில் கணினி நிரல் எழுதுகிறேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் நிரலையே பார்க்கிறேன். இணையத்தில் புதிதாக நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அவர்கள் எழுதியதைக் கொண்டுவந்து போடுவார்கள். எங்கே இடிக்கிறது என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வோம். சம்பளம் கிடையாது. சிலர் உதவி செய்ய வருகிறார்கள், சிலர் தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டிக்கொள்ள வருகிறார்கள். வாலபி என்ற பெயரில் குவீன்ஸ்லாந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். மூளை கத்தி மாதிரி. நாக்கும் அப்படியே.

போன வருஷம் நான் கொடுத்தனுப்பிய மடிக்கணினி என்ன ஆயிற்று? அதில் ஏதாவது செய்கிறாயா, இல்லை அம்மா அதன் மேல் சீமைப்பலா வைத்து நறுக்குகிறாளா?

நீ கடலுக்குப் போவதைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அடுத்த கடிதத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு ஒரு முத்தம்.
அக்கா மாகெலிட்டா


நுகுனோனு,
ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் மூக்கும் மற்ற உறுப்புகளும் நலமாக இருக்க அம்மா செபம் சொல்கிறாள். கப்பல் வெள்ளிக்கிழமை வந்தது. நீ அனுப்பிய கம்பளிச் சாக்ஸை இந்த வெக்கையில் மாட்டிக்கொண்டு அம்மா பூசைக்குப் போய்வந்தாள். முழங்காலுக்கு இதமாக இருக்கிறதாம். கால் அரிக்கிறதைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

நான் வழக்கம்போல ஊரின் சூரிய மின்பலகைகளைக் கழுவி, பேட்டரி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். மற்ற ஆண்கள் மீன் பிடிக்கப் பவளத்திட்டைத் தாண்டிப் போகும் நேரத்தில் நான் பலகை கழுவுகிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அம்மா இன்னும் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் பிறை அன்று சாயங்காலம் காயல் ஓரம் போய் உட்காருகிறாள். அப்பா போன அன்று வானத்தில் ஐந்தாம் பிறை இருந்தது அவளுக்கு அழியாமல் நினைவிருக்கிறது. தேதியை அவள் நம்புவதில்லை. எப்படி நம்புவாள்? 2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை, இருட்டுகிற நேரத்தில் அப்பா பறக்கும் மீனுக்குப் படகை எடுத்தார். அன்று நள்ளிரவில்தான் நம் நாடு தேதிக்கோட்டின் இந்தப் பக்கத்துக்குத் தாவியது. விடிந்தால் சனிக்கிழமை, 31. அன்று மத்தியானம் வெறும் படகு கிடைத்தது. நடுவில் இருக்க வேண்டிய வெள்ளிக்கிழமையை யாரும் பார்க்கவில்லை. "அவரு அந்த வெள்ளிக்கிழமைலதான்டா இருக்காரு. நம்மதான் நிக்காம தாண்டி வந்துட்டோம்" என்று நேற்றுகூடச் சொன்னாள்.

மேகம் மூடிவிட்டால் எது ஐந்தாம் பிறை என்று தெரியாமல் தவிக்கிறாள். அதற்கு ஏதாவது வழி உண்டா என்று யோசிக்கிறேன்.

மடிக்கணினி பத்திரமாக இருக்கிறது. அம்மா அதில் பாட்டுக் கேட்கிறாள். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், உங்கள் குழுவில் ஒன்றும் தெரியாதவன் ஒருவன் வந்து தப்பும் தவறுமாக எழுதிப் போட்டால் திட்டுவார்களா?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி ஃபலானிகோ


போரிருவா,
ஆகஸ்ட் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு ஜலதோஷம். படித்ததும் பாதி குணமாயிற்று. மீதியை இஞ்சிக் கஷாயம் பார்த்துக்கொண்டது. நீயும் அம்மாவும் இந்நேரம் சுகமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில், திட்டுவார்கள். திட்டாதவர்களும் இருக்கிறோம், ஆனால் நாங்கள் மெதுவாக டைப் அடிக்கிறோம். போன வாரம் நடந்ததைக் கேள்.

தேங்காய்நண்டு என்று பெயர் வைத்துக்கொண்டு புதிதாக ஒருவர் வந்தார். நிலாக் கணக்கு எழுதியிருந்தார். 2011இல் ஒரு பிறையில் தொடங்கி, நாள்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து, இன்றைக்கு எந்தப் பிறை என்று நிரல் சொல்ல வேண்டும். "வெளியே பௌர்ணமி. என் நிரல் இரண்டாம் பிறை என்கிறது. எங்கே தவறு செய்தேன், தயவுசெய்து சொல்லுங்கள்" என்று அடக்கமாகக் கேட்டிருந்தார். அதில் டிசம்பர் முப்பதைக் கண்டால் எண்ணாமல் தாண்டு என்று ஒரு வரி இருந்தது.

வாலபி விடுவாரா? "யோவ் நண்டு, உன் வருஷத்துல டிசம்பர் முப்பதே இல்லியே! அன்னிக்குப் பொறந்தவன்லாம் என்னய்யா பண்ணுவான்? மொதல்ல சுவத்துல தொங்கற காலண்டரப் படி, அப்புறமா கம்ப்யூட்டரத் தொடு" என்று போட்டார். அதற்கு ஒரு கூட்டமே சிரித்தது. நண்டு "மன்னிக்கவும்" என்று ஒரு சொல் எழுதிவிட்டு, போட்டது எல்லாவற்றையும் அழித்துவிட்டார்.

எனக்கு டீ புரையேறிவிட்டது. டிசம்பர் முப்பதைத் தொலைத்த ஊர் உலகத்தில் எத்தனை இருக்கிறது? சமோவாவும் நாமும்தான். அந்தக் குழுவிலேயே அந்த வரி சரி என்று தெரிந்த ஒரே ஆள் நான். பதில் எழுத உட்காருவதற்குள் நண்டு வளைக்குள் போய்விட்டது. இவ்வளவு கோபம் எனக்கு எப்போது வந்தது என்றே நினைவில்லை. சாமான் கழுவும்போது ஒரு கிண்ணத்தை உடைத்துவிட்டேன்.

அந்த நண்டு மறுபடி வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. உங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் சொல்லிவை.

அம்மாவின் கால் அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்.
அக்கா


நுகுனோனு,
ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். உன் ஜலதோஷம் விட்டதா? எண்ணெய் தடவினோம், அரிப்பு நின்றது.

காற்று பலமாக அடிக்கிறது. சாமான்களை இறக்க முடியாமல் கப்பல் ஒரு நாள் முழுக்க வெளியே நின்றது. சர்ச்சுக் கூரையில் தகடு ஒன்று பறந்துபோய் ஊரே தேடியது.

மடிக்கணினியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். உப்புக் காற்றில் கெட்டுவிடும். அதெல்லாம் நமக்கு ஒத்து வராது என்று தோன்றுகிறது. மேகம் இருந்தால் அம்மா சுமாராக ஒரு நாள் போய் உட்கார்ந்தால் போகிறது. சுமார் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நீ சொன்ன ஆளை எனக்குத் தெரியாது. நாலு பேர் சிரித்தால் பேசாமல் இருந்துவிடுவதுதான் நல்லது.

ஃபலானிகோ


போரிருவா,
செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமே கேட்க விருப்பம். இங்கே வசந்தம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். காற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

உன் கடிதம் குட்டியாக இருந்தது. அதை நான் பல தடவை படித்தேன்.

வாலபியோடு நேருக்கு நேர் மோதிவிட்டேன். தேதிக்கோட்டுக் கதையைச் சொன்னதும், "அட, ஒரு நாடே ஒரு நாளத் தூக்கிப் போட்டுச்சா? சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. அந்தாளு சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நீங்க எங்க கேட்டீங்க?" என்றேன். அதற்கு, "வாஸ்தவம்தான். அவரு வந்தா நானே மன்னிப்புக் கேக்கறேன்" என்று எழுதினார். கெட்டவர் இல்லை. தெரிந்தவர்களுக்கு வரும் வியாதி அது.

நண்டுக்கு நான் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன். படித்தாரா என்று தெரியவில்லை. எதற்கும் அதையே இங்கே எழுதுகிறேன். அவர் உங்கள் ஊர்க்காரராக இருந்து, கணினியைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், நீ படித்துக் காட்டலாம்.

"அன்புள்ள தேங்காய்நண்டு, உங்கள் நிரலை அழிக்கும் முன் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு பகுதிக்கும் அது செய்யும் வேலையையே பெயராக வைத்திருக்கிறீர்கள். நான் பழகிய காலத்தில் அ, ஆ என்று வைத்துவிட்டு மறுநாள் எனக்கே புரியாமல் விழித்திருக்கிறேன். முப்பதாம் தேதியைத் தாண்டியது தவறே இல்லை, அது உண்மையாகவே நடந்தது. அந்த வரியை யாருக்காகவும் எடுக்காதீர்கள்.

"ஒன்று மட்டும் கேட்கிறேன். டிசம்பர் முப்பதைத் தாண்டு என்று சொன்னீர்கள், எந்த வருஷத்து முப்பது என்று சொன்னீர்களா? கணினிக்கு நாம் சொல்லாதது தெரியாது. அது ஒவ்வொரு வருஷமும் அந்த நாளை எண்ணாமல் விட்டுக்கொண்டே வருகிறது. அப்படித் தொலைந்த நாள்கள் சேர்ந்துதான் நிலா பின்தங்கிவிட்டது. அந்த நாள் ஒரே ஒரு வருஷம்தான் தொலைந்தது. மற்ற வருஷங்களின் முப்பதாம் தேதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு சின்ன நிபந்தனை போதும், அதை நீங்களே எழுதிவிடுவீர்கள். எழுதிய பிறகு எனக்குக் காட்டுங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்."

அவ்வளவுதான். நம் ஊரில் அக்காவும் தம்பியும் ஒருவர் குறையை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நல்ல வழக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாரென்றே தெரியாத நண்டிடம் பேசலாம், இல்லையா?

அம்மா சாக்ஸைத் துவைக்கிறாளா?
அக்கா


போரிருவா,
அக்டோபர் 19

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு தடவை கப்பல் வந்து போயிருக்கும். உன் கடிதம் இல்லை. போனில் அம்மா, "அவன் நல்லாத்தான்டி இருக்கான், சாப்டறான்" என்றாள். சாப்பிடுகிறவன் எழுதலாம் அல்லவா?

நான் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. நண்டிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. அந்த ஆள் திரும்பாமலே போய்விட்டால் எனக்குத் தாங்காது. காரணம் கேட்காதே. ரயிலில் தூங்கிவிட்டு, நம் காயலின் பச்சைத் தண்ணீருக்குள் ரயில் சத்தமில்லாமல் போவதாகக் கனவு கண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

ஒரு வரி எழுது. நலம் என்று மட்டும் எழுதினாலும் போதும்.
மாகெலிட்டா


நுகுனோனு,
நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. இங்கே எல்லோரும் நலம், சாக்ஸ் உட்பட. நீ ரயிலில் தூங்காதே, பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அந்த நண்டைக் கண்டுபிடித்துவிட்டேன். நம் ஊர்க்காரன்தான். மந்தமான ஆள். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "எந்த வருஷத்து முப்பது என்று சொன்னீர்களா" என்ற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு பல நாள் அவன் யாரோடும் பேசவில்லை. கோபம் என்று நினைத்துவிடாதே.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவன் அப்பா கடைசியாகப் படகைத் தள்ளிய சாயங்காலம் இவன் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தானாம். பதினேழு வயது. மட்டையைப் போட்டுவிட்டு ஓடி, "நானும் வரேம்ப்பா" என்றானாம். அவர் சிரித்துக்கொண்டே, "ஆட்டத்த முடிடா. நாளைக்கு வா, நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் போலாம்" என்றாராம். விடிந்தபோது நாளை என்று ஒன்று இல்லை. தேதியிலேயே இல்லை.

அவனுக்கு அடிக்கடி ஒரு கனவு வருமாம். காற்றே இல்லாத ஒரு பகல். மணல் வெள்ளையாக இருக்கும், ஊரில் ஒரு ஆளும் இருக்க மாட்டார். திட்டுக்கு அப்பால் படகில் அவர் உட்கார்ந்து இவனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட மாட்டார், அவசரப்படவும் மாட்டார். அது அந்த வெள்ளிக்கிழமை என்று இவனுக்குத் தெரியும். போக வழி தெரியாது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் முப்பது அன்று இவன் பாயை விட்டு எழுந்திருப்பதே இல்லை. அவன் அம்மா சோற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். "கம்ப்யூட்டர் பண்ணின தப்பத்தான் நானும் பண்ணிட்டிருந்தேன் போலிருக்கு" என்கிறான்.

அந்த வரியில் வருஷத்தைச் சேர்த்துவிட்டானாம். அன்று அவன் அம்மாவை வெளியே அழைத்துப்போய் வானத்தைக் காட்டினான். கணினியும் வானமும் ஒன்றையே சொன்னன. அவள், "பரவாயில்லியே, பொட்டிக்குக் கண்ணு வந்துருச்சே" என்றாள்.

உனக்குக் காட்ட அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. காட்டச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி ஃபலானிகோ


போரிருவா,
நவம்பர் 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இதை எழுதும்போது அழுதுகொண்டிருக்கிறேன், ஆனாலும் நலம்.

நண்டு தன் நிரலைக் குழுவில் போட்டுவிட்டார், பார்த்தாயா? வாலபி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "இந்த நிபந்தனைக்குப் பக்கத்துல ஏன்னு ஒரு வரி குறிப்பு எழுதி வைங்க சார். பின்னால என்னை மாதிரி ஒரு முட்டாள் வந்து எடுத்துடப் போறான்" என்றார். நண்டு அப்படியே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: "இந்த நாள் இங்கே இருந்தவர்களுக்கு வரவில்லை. 2011 மட்டும்." அதைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நிரலைப் பார்த்து அழுகிறவள் என்று பெயர் வாங்க வேண்டாமே.

அப்பா "நாளைக்கு வா" என்று சொன்னது எனக்கு இதுவரை தெரியாது. நண்டின் அப்பாவைச் சொல்கிறேன். இவ்வளவு வருஷம் அதை அவர் யாரிடமும் சொல்லாமல் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்திருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அந்த நிரலை இங்கேயும் ஓட்டிப் பார்த்தேன். அடுத்த மாதம் ஐந்தாம் பிறை கிறிஸ்மஸ் அன்று சாயங்காலம் வருகிறது. அம்மாவிடம் சொல். கிறிஸ்மஸ் கப்பலில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஈஸ்டருக்குக் கேட்டு வைத்திருக்கிறேன், இந்தத் தடவை நிச்சயம்.

நண்டிடம் ஒன்று மட்டும் சொல். அவருடைய வருஷத்தில் இப்போது ஒரு முப்பதாம் தேதி இருக்கிறது.

உங்கள் இருவருக்கும் என் அன்பு.
அக்கா


நுகுனோனு,
டிசம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே தேதி போட்ட இடத்தில் எழுத்து கோணலாக இருக்கும். இந்தத் தேதியை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக, சளி இல்லாமல் இருக்க வேண்டும்.

கிறிஸ்மஸ் அன்று மழைக்கால மேகம் வானத்தை இறுக்கி மூடிவிட்டது. நட்சத்திரம்கூட இல்லை. "இன்னிக்குத்தானா? நல்லாப் பாத்தியா?" என்று அம்மா கேட்டாள். "நண்டு சொல்லுதும்மா" என்றேன். "அது சொன்னாச் சரி" என்று சாக்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி வரை பிறை தெரியவில்லை. அம்மா அண்ணாந்து பார்க்கவும் இல்லை. தண்ணீரைப் பார்த்து ஊர்க்கதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், உன் மூக்கு விஷயம் உட்பட.

இன்று விடியும் முன் எழுந்தேன். அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து பார்த்தாள், பாய் சுருட்டி வைத்திருந்தது. நான் அப்பாவின் தூண்டிலை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டைத் துணியில் கட்டிக் கையில் கொடுத்தாள். "சாப்ட்டுட்டுப் பிடி, பிடிச்சிட்டுச் சாப்புடலாம்னு இருக்காத" என்றாள்.

மாமா வீட்டு மச்சான்கள் இரண்டு பேரோடு திட்டைத் தாண்டிப் போனேன். திட்டில் அலை தூக்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வெளியே இருந்தோம். கனவில் வரும் பகல் மாதிரியே காற்று இல்லை, கடல் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வெயில் சுட்டது, மச்சான்களில் ஒருவன் கெட்ட பாட்டாகப் பாடினான், எனக்குப் பசித்தது. கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டேன், பாட்டு நின்றது. அப்புறம் தூண்டிலைப் போட்டேன்.

சூரை மீன் நன்றாகக் கிடைத்தது. கரையில் பரப்பி ஊருக்கெல்லாம் பங்கு வைத்தோம். நம் வீட்டுப் பங்கை வாங்க அம்மா தானே நடந்து வந்தாள், யார் சொல்லியும் கேட்கவில்லை.

நண்டு உனக்கு நன்றி சொல்லச் சொன்னான். குழுவில் யாரோ ஒரு சின்னப் பெண் புதிதாக எழுதிப் போட்டிருக்கிறாளாம், ஒன்றும் ஓடவில்லையாம். யாரும் சிரிப்பதற்குள், "இது என்ன செய்ய வேண்டும் என்று நினைத்து எழுதினீர்கள்?" என்று கேட்டு வைத்திருக்கிறானாம். அவனும் மெதுவாகத்தான் டைப் அடிக்கிறான், ஆனால் சீக்கிரமே உட்கார்ந்துவிட்டான்.

உடம்பெல்லாம் உப்பும் மீன் வாடையுமாக இருக்கிறது, காகிதத்திலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மன்னித்துக்கொள். அம்மா படுக்கச் சொல்லிக் கத்துகிறாள். நாளைக்கும் கடலுக்குப் போகிறேன்.

உன் தம்பி,
ஃபலானிகோ